பிடிபட்டவன் வாக்குமூலம்

புத்தூர் நால்ரோட்டில் நேற்று காலை நடைப்பயிற்சி நண்பரோடு சண்டை. 1942 செப்டம்பரில் பினாங்கிலிருந்து ஜப்பானிய நீர்மூழ்கியில் வந்து, தானூர்க் கரையில் இறங்கிப் பிடிபட்ட இளைஞர்களைப் பற்றிய பேச்சு. "சிலபேர் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்தாங்களாம். விசாரணை ரிப்போர்ட்டே இருந்தா, வேறென்ன சாட்சி வேணும் சார்?" என்றார்.

அப்படி ஒரு ரிப்போர்ட் இருந்தாலும் என்ன? வந்தவர்களில் ஒருவரான வக்கம் காதரை 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். கயிறு கண்ணெதிரே தொங்கும்போது ஒருவன் சொல்வதெல்லாம் உண்மையா?

அதே பிரிட்டிஷார், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கி மாலுமிகள் நேரில் சொன்னதை மட்டும் நம்பவில்லை. லண்டன் பக்கம் ட்ரென்ட் பார்க் மாளிகையில் மைக்கை ஒளித்துவைத்து, அவர்கள் தங்களுக்குள் பேசியதை ஒட்டுக்கேட்டார்கள். அதிலும் வீறாப்பு கலந்திருக்கும். டார்பிடோக்காரனுக்கு இன்ஜின் சங்கதி தெரியாது. பலர் பேச்சை ஒத்துப் பார்த்தால்தான் விஷயம் தேறும்.

பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அந்த மொழியில் இத்தகைய பதிவுக்கு 'ப்ரோசே வெர்பால்' என்று பெயர். சொன்னதை எழுதிய தாள், அவ்வளவுதான். போலீஸிடம் கொடுத்த ஒப்புதலை நம் சாட்சியச் சட்டமே குற்றவாளிக்கு எதிராக ஏற்பதில்லை.

ஆயுள் முழுக்க ஃபைல் கட்டிய குமாஸ்தா சொல்கிறேன்: தாளை நம்பி, செத்தவனைத் துரோகி என்னாதீர்கள். மறுத்துச் சொல்ல அவன் வரப்போவதில்லை.