மந்தநிலையிலும் பரகத் உண்டு: நகப் பராமரிப்புக் கடை நடத்தும் சகோதரிகளுக்கு



வருமானம் குறையும்போது குடும்பங்கள் அலங்காரச் செலவையே முதலில் நிறுத்துகின்றன. ஆகவே நகப் பராமரிப்பையும் மருதாணியையும் தொழிலாகக் கொண்ட பெண்களை மந்தநிலை மற்றவர்களுக்கு முன்பே தாக்குகிறது. அப்போது பலரும் நாடும் வழிகள் இரண்டு: கட்டணத்தைக் குறைப்பது, வட்டிக்குக் கடன் வாங்குவது. இரண்டுமே கடையை மூடச் செய்யும் வழிகள் என்பது நம் கருத்து.

விலைக் குறைப்பின் முடிவை அறியத் திண்டுக்கல்லில் வாழும் நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. இயந்திரத்தில் செய்த அலிகார் பூட்டு மலிவாக வந்தபோது, கையால் செய்யப்படும் நம் ஊர்ப் பூட்டினால் விலையில் போட்டியிட இயலவில்லை; பட்டறைகள் குறைந்தன. எனினும் உறுதிக்காக அதைத் தேடி வருவோர் இன்றும் உள்ளனர். 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சிறு தொழிலுக்கு மலிவு பலமன்று, நம்பிக்கையே பலம்.

நகக் கடையில் அந்த நம்பிக்கை எதனால் வரும்? நகப்பூச்சு நீரைத் தடுக்கும் படலமாகப் படிகிறது. அது இருக்கும்வரை உளூ நிறைவேறாது. மருதாணி, கழுவிய பின் நிறத்தை மட்டுமே விட்டுச் செல்கிறது. நீர் புகும் என்று விற்கப்படும் பூச்சுகளை உறுதி செய்யாமல் ‘ஹலால்’ என்று கூறுவது ஏமாற்றாகும். விரைவில் கறுக்க வேண்டுமென்று பிபிடி சாயம் கலந்த கறுப்பு மருதாணியும் தோலைப் புண்ணாக்கக்கூடியது, அதைத் தவிர்த்திடுக.

நகம் வெட்டுவதோ சுன்னத். நாற்பது நாள்களைக் கடக்கவிடலாகாது. ஆகவே நகத் தூய்மை, பாத வெடிப்புப் பராமரிப்பு, மருதாணி ஆகியவை எக்காலத்திலும் தேவைப்படுபவை, முதலீடும் குறைவு. விலையுயர்ந்த பூச்சுகளை வாங்கிக் குவித்து முதலை முடக்க வேண்டாம்.

பொருள், நேரம், வாடகை, மின்சாரம் அனைத்தையும் எழுதிக் கணக்கிட்டுக் கட்டணத்தைத் தீர்மானியுங்கள். அழகு நிலையச் சேவைகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்து பதிவு செய்யாதவர்கள், வரி என்ற பெயரில் எதையும் வாங்கலாகாது.

செழிப்பான ஏழு ஆண்டுகளின் விளைச்சலைப் பஞ்சத்துக்காகச் சேமிக்கும்படி யூசுஃப் (அலை) அவர்கள் கூறிய வழி கடைக்கும் பொருந்தும். பெருநாள் இரவுகளிலும் திருமணக் காலத்திலும் வரும் பணத்தில் மூன்று மாத வாடகையைத் தனியே எடுத்து வையுங்கள். அது வட்டிக்காரரின் வாசலுக்குச் செல்லாமல் உங்களைக் காக்கும்.

இதில் ஜமாஅத்துக்கும் பொறுப்புண்டு. வட்டி ஹராம் என்று மிம்பரில் முழங்குவது மட்டும் போதாது. ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய் அழகிய கடன் கேட்டு வரும் பெண்ணுக்கு மஹல்லாவில் ஒரு நிதி இருக்க வேண்டும். சிரமத்தில் உள்ள கடனாளிக்கு அவகாசம் அளிக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அந்த நிதி இல்லாத ஊரில், வட்டிக்கு வாங்கிய பெண்ணை மட்டும் குறை கூறுவது நீதியாகாது.

மண்டபத்துக்கு லட்சங்களைச் செலவிட்டுவிட்டு, மருதாணி இட்ட பெண்ணிடம் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுவோரும் இதைச் சிந்திக்கட்டும். உழைத்தவரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிடுவோம்.

அல்லாஹ் நம் சகோதரிகளின் சம்பாத்தியத்தில் பரகத் செய்வானாக. ஆமீன்.