வீட்டைப் பூட்டிட்டு வெளிநாடு போறீங்களா? பேட்டரியைக் கொஞ்சம் கவனிங்க!

படூரில் எங்கள் அபார்ட்மென்ட்டின் மூன்றாவது மாடி மாமாவும் மாமியும், மகள் பிரசவத்துக்காக ஆறு மாதம் அமெரிக்கா போய்விட்டு வந்தார்கள். கிளம்பும்போது காஸை மூடி, மெயினை ஆஃப் செய்து, சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். திரும்பி வந்த மூன்றாம் நாள் ராத்திரி கரென்ட் போனது. மாமாவுக்கு வீசிங். நெபுலைசரைப் போட்டதுமே இன்வெர்ட்டர் 'கீ... கீ...' என்று கத்திவிட்டு அணைந்துவிட்டது. மாமி பதறிப்போய் ஓடிவந்தார். கார் பேட்டரி இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்புவதா, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதா என்று நாங்கள் தவித்துக்கொண்டிருந்தபோதே, நல்லவேளை, கரென்ட் வந்துவிட்டது.

மறுநாள் மெக்கானிக் வந்து பார்த்தார். "பேட்டரி செத்துப்போச்சு சார்!"

"இந்த ஆறு மாசமா அதை யாரும் தொடவே இல்லையேப்பா" என்றார் மாமா. தொடாததுதான் பிரச்னை. லெட் ஆசிட் பேட்டரி சும்மா கிடந்தாலே சார்ஜ் குறையும். மாதத்துக்கு ஏறக்குறைய 5 சதவிகிதம் என்று வையுங்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் இது இரண்டு மடங்காகும். பூட்டிய வீட்டுக்குள் நம் ஊர் மே மாதம் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. போதாக்குறைக்கு, ஒயரைக் கழற்றாமல் விட்டால் இன்வெர்ட்டரும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். சார்ஜ் இறங்கியபடியே கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் நிற்காது.

மெயினை ஆனில் விட்டுப் போகலாமே என்றால், ஆறு மாதம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற ஆள் வேண்டும். ஆளில்லாத வீட்டில் கரென்ட்டை விட்டுவைக்கவும் பலருக்கு மனசு வராது. அதனால் இந்த முறை மாமா கிளம்பும் முன்பே, பால்கனியில் சின்ன சோலார் பேனல் ஒன்றும் சார்ஜ் கன்ட்ரோலர் ஒன்றும் வைக்கலாம் என்று முடிவு செய்தோம். வெளிநாட்டில் கேரவன் வைத்திருப்பவர்கள் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும்போது செய்வதும் இதைத்தான். அவர்களுக்குப் பனிதான் பயம், நமக்கு வெயில்!

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடைக்காரத் தம்பி முதலில் எடுத்துக்காட்டியது விலை அதிகமான எம்.பி.பி.டி. வகை. பேனல் பெரிதாக இருந்து, தினமும் செலவு செய்து தினமும் நிரப்பவேண்டிய இடத்துக்கு அது அருமையான சாமான். சும்மா கிடக்கும் 150 ஏ.ஹெச். பேட்டரிக்குத் தேவையோ வெயில் காலத்தில்கூட நாளைக்கு அரை ஆம்பியர் ஹவர்தான். நல்ல வெயில் விழும் இடத்தில் 20 வாட் பேனலே அதைப்போலப் பல மடங்கு தரும். ஐப்பசி, கார்த்திகை மழை மூட்டத்தை நினைத்து நாங்கள் 40 வாட் வாங்கினோம். இதற்குச் சாதாரண பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் போதும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது.

பேட்டரி நிரம்பிய பிறகு அது என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். 14.4 வோல்ட் வரை ஏற்றிவிட்டு, 13.5 முதல் 13.8-க்குள் இறங்கி நிற்கவேண்டும். இதற்கு 'ஃப்ளோட்' என்று பெயர். ஃப்ளோட் இல்லாத கன்ட்ரோலர் என்றால் அங்கேயே வைத்துவிடுங்கள். வெயிலுக்கு ஏற்ப வோல்ட்டைக் குறைக்கும் வசதியும் வேண்டும். 35 டிகிரியில் கால் வோல்ட் அளவுக்காவது குறையாவிட்டால் பேட்டரி தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிடும். வெப்பத்தை அறியும் சென்சார் பெரும்பாலும் கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும். அதனால் கன்ட்ரோலரையும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, காற்றோட்டமான நிழலில் மாட்டுங்கள். மாதம் ஒருமுறை வோல்ட்டை உயர்த்தும் 'ஈக்குவலைஸ்' இருந்தால் ஆஃப் செய்துவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வீட்டில் ஆளில்லையே!

ஒயர் மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு ஃபியூஸ். இன்வெர்ட்டர் ஒயரைக் கழற்றியே வையுங்கள். இங்கே உப்புக் காற்று என்பதால் டெர்மினலில் வாசலைன் தடவினோம். பேனலை கிரில்லில் போல்ட் போட்டு இறுக்கவேண்டும் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா அடித்ததைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும்.

உங்கள் வீட்டில் இரண்டு பேட்டரி இணைத்த 24 வோல்ட் இன்வெர்ட்டர் என்றால் பேனலும் அதற்கேற்றதாக வேண்டும். லித்தியம் பேட்டரி என்றால் கதையே வேறு. பாதி சார்ஜில் கழற்றி வைத்தாலே போதும், அதை எப்போதும் நிரப்பியே வைப்பதுதான் கெடுதல்.

மாமாவும் மாமியும் அடுத்த வியாழக்கிழமை கிளம்புகிறார்கள். சாவி இந்த முறையும் எங்களிடம்தான். மாதம் ஒருமுறை போய்ப் பேனலில் தூசி தட்டி, கன்ட்ரோலரில் எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பவேண்டும் என்பது மாமியின் உத்தரவு.