சாத்தூர் ரத்தம்: குற்றவாளி அந்தப் பையனா?

2018 டிசம்பர் கடைசி வாரம். "சாத்தூர் ஆஸ்பத்திரியில கர்ப்பிணிப் பொண்ணுக்கு எச்.ஐ.வி. ரத்தத்தை ஏத்திட்டாங்களாமே" என்று தமிழ்நாடு முழுக்க ஒரே பேச்சு. டீக்கடையில் பேசினார்கள், பஸ்ஸில் பேசினார்கள், டி.வி.யில் நாலு பேர் உட்கார்ந்து ஒருத்தர் பேசுவதை இன்னொருத்தர் கேட்காமல் பேசினார்கள். இரண்டு வாரத்தில் பொங்கல் வந்தது. பேட்டயா விஸ்வாசமா என்ற அதிமுக்கியமான பிரச்னை வந்தது. சாத்தூர் மறந்துபோனது.

மறக்காதவர்களும் பாதிக்கதையைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் யாரிடமாவது இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், முதலில் வரும் பதில் இதுதான்: "அவனுக்கே அந்த வியாதி இருக்கு, அவன் எதுக்குங்க ரத்தம் கொடுக்கப் போனான்?"

சரி, அந்த "அவன்" யார், என்ன செய்தான் என்று வரிசையாகப் பார்த்துவிடுவோம்.

அவன் பக்கத்து மாவட்டத்துப் பையன். சிவகாசியில் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவன். செய்திகளில் வந்த வயது 19. அந்த நவம்பரில்தான் உச்சநீதிமன்றத்தின் பசுமைப் பட்டாசுத் தீர்ப்பை (2018 அக்டோபர் 23) காரணம் காட்டி சிவகாசியில் ஆலைகளை இழுத்து மூடியிருந்தார்கள். நவம்பர் 30ம் தேதி, உறவுக்காரப் பெண் ஒருவரின் பிரசவத்துக்காக சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் ரத்தம் கொடுத்தான். அவருக்கு அது தேவைப்படவில்லை, ரத்தம் இருப்பில் போனது. டிசம்பர் 3ம் தேதி, ரத்தசோகை என்று சாத்தூர் அரசு மருத்துவமனைக்கு வந்திருந்த வேறொரு கர்ப்பிணிக்கு அது ஏற்றப்பட்டது. இதற்கிடையில் பையன் வெளிநாட்டு வேலைக்காக மருத்துவப் பரிசோதனை செய்துகொள்கிறான். எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று வருகிறது.

அப்போது அவன் செய்த காரியத்தைக் கவனியுங்கள். கமுக்கமாக இருந்திருந்தால் அவன் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது. அவன் அப்படி இருக்கவில்லை. தானாகவே ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னான். 'நான் கொடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள்' என்பதுதான் அதற்கு அர்த்தம். அது ஏற்கெனவே ஏற்றப்பட்டுவிட்டது என்பது அவன் தவறா? அவன் சொன்னதால்தான் அந்தப் பெண்ணைப் பரிசோதித்தார்கள், சிகிச்சை ஆரம்பித்தார்கள். 2019 ஜனவரியில் மதுரை ராஜாஜி மருத்துவமனையில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பின்னால் வந்த பரிசோதனைகள் சொல்லின. நேரத்துக்கு விஷயம் தெரிந்து, நேரத்துக்கு மருந்து கொடுத்ததால் அந்தக் குழந்தை தப்பியது. பிரசவத்துக்கு முன்னால் விஷயத்தை வெளியே கொண்டுவந்தது ஒரே ஒரு ஆள். அவன் அந்தக் குழந்தை பிறந்ததைப் பார்க்க உயிரோடு இல்லை. டிசம்பர் கடைசியில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, 30ம் தேதி அதே ராஜாஜி மருத்துவமனையில் இறந்துபோனான்.

இந்தக் கதையில் கொடுமையான இடம் இனிமேல்தான் வருகிறது.

அந்தப் பையன் 2016லேயே ஒரு ரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்திருக்கிறான். அப்போதே அந்த ரத்தத்தைப் பரிசோதித்து, எச்.ஐ.வி. இருக்கிறது, ஹெபடைட்டிஸ் பி யும் இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அவனிடம் சொல்லவில்லை! இதை வாய்க்கு வந்தபடி யாரோ சொல்லவில்லை, மாவட்ட சுகாதாரத்துறை அதிகாரியே பத்திரிகைகளிடம் சொன்னது. (செய்தியில் வந்த வயது சரியென்றால் 2016ல் அவனுக்கு 17 இருக்கும். ரத்தம் கொடுக்கக் குறைந்தபட்ச வயது 18. முகாமில் பிஸ்கட்டும் ஜூஸும் கொடுத்தவர்கள் இதைக் கேட்டார்களா என்று தெரியவில்லை.)

ஆக, இரண்டு வருடம் அரசாங்கத்தின் பதிவேட்டுக்கு அவனுடைய நோய் தெரியும். அவனுக்குத் தெரியாது. கடைசியில் அவனுக்கு விஷயத்தைத் தெரியவைத்தது வெளிநாட்டு வேலைக்காகச் செய்த ஒரு மெடிக்கல் டெஸ்ட். நம்மூர் பொது சுகாதாரத்தின் லட்சணம் இது.

ரத்த வங்கியில் நிரப்பும் படிவத்தைப் பார்த்திருப்பீர்கள். பெயர், வயது, முகவரி, போன் நம்பர் எல்லாம் அதில் உண்டு. பரிசோதனையில் ஏதாவது கோளாறு தெரிந்தால் உங்களுக்குச் சொல்லலாமா என்று கேட்கும் கட்டமும் உண்டு. ஒரு காலத்தில், ரத்தத்தில் கிருமி இருந்தால் பையை அழித்துவிட்டு, கொடுத்தவரிடம் எதுவும் சொல்லாமல் இருப்பதே நடைமுறையாக இருந்தது. 2002ல் வந்த தேசிய ரத்தக் கொள்கை அதை மாற்றியது. கொடுத்தவரைக் கூப்பிட்டு, கவுன்சலிங் கொடுத்து, எச்.ஐ.வி. பரிசோதனை மையத்துக்கு (தமிழ்நாட்டில் இதற்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர்) அனுப்ப வேண்டும் என்பது விதி. 2002க்கும் 2016க்கும் நடுவில் பதினாலு வருடம். ஒரு போன் கால் போகவில்லை. போன் எடுக்கவில்லை என்றால் கிராம செவிலியர் இருக்கிறார், தபால் இருக்கிறது. கந்துவட்டிக்காரன் தவணை பாக்கிக்காரனை எந்த ஊரில் ஒளிந்தாலும் கண்டுபிடிக்கிறான். போலீஸ், வாரண்ட் உள்ளவனைக் கண்டுபிடிக்கிறது. நோயாளியை மட்டும் கண்டுபிடிக்க முடியாதாம்.

விஷயம் வெடித்ததும் நடந்தது வழக்கமானதுதான். ஆய்வக ஊழியர்கள் மீது நடவடிக்கை, விசாரணைக் குழு, அமைச்சர் பேட்டி. பரிசோதனை செய்யாமலோ சரியாகச் செய்யாமலோ பாதுகாப்பானது என்று ஒட்டியவர்கள் தண்டிக்கப்பட வேண்டியவர்கள்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 2018 நவம்பர் தப்புக்கு மட்டும் ஆள் பிடித்தார்கள். 2016 தப்பு அந்தச் சத்தத்தில் அடங்கிப்போனது. முதல் தப்பு நடக்காமல் இருந்திருந்தால் இரண்டாவது நடந்திருக்கவே முடியாது. சொல்லியிருந்தால் அவன் மறுபடி ரத்தம் கொடுக்கப் போயிருக்க மாட்டான். அதைவிட முக்கியம், 2017லிருந்து இந்தியாவில் எச்.ஐ.வி. என்று தெரிந்த உடனே எல்லோருக்கும் இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கிறார்கள். அவன் தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டு, இன்னும் நாற்பது வருடம் வாழ்ந்திருக்கலாம்.

இங்கேதான் இன்னொரு பழைய பாவம் வருகிறது. 2000களின் தொடக்கத்தில் சுவரெல்லாம் "புள்ளிராஜாவுக்கு எயிட்ஸ் வருமா?" என்று கேட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? பயமுறுத்தியும் கிண்டல் பண்ணியும் நோயைப் பற்றிப் பேச வைத்தார்கள். அதனால் நன்மை இல்லாமலில்லை. ஆனால் "வந்தால் என்ன செய்ய வேண்டும்?" என்று அதே அளவுக்குப் பெரிய எழுத்தில் யாரும் எழுதவில்லை. 2004 ஏப்ரலில் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையில் இலவச கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்குச் சுவர் விளம்பரம் வந்ததா? ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது என்பது இன்றைக்கு உலகமே ஒப்புக்கொண்ட விஷயம். அதைச் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் எழுதிப் போட்டிருக்கிறார்களா? மக்கள் மனதில் புள்ளிராஜாதான் நிற்கிறான், மாத்திரை நிற்கவில்லை. 19 வயதுப் பையன் அந்த டிசம்பரில் தன் வாழ்க்கை முடிந்தது என்று நினைத்தான் என்றால் அப்படி நினைக்கக் கற்றுக்கொடுத்தது யார்?

போதாததற்குப் பத்திரிகைகளும் டி.வி.யும். அவன் ஊர், வயது, வேலை எல்லாம் செய்தியாக ஓடின. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக்கூடாது என்று 2017ம் ஆண்டு எச்.ஐ.வி. எயிட்ஸ் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் அமலுக்கு வந்தது 2018 செப்டம்பர் 10ம் தேதி. மை காய்வதற்குள் அதன் கதி இது.

ரத்தத்தை எடுப்பது, எடுத்தவரிடம் சொல்லாமல் இருப்பது... இந்தப் பழக்கம் சிவகாசியில் பிறந்ததில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே தமிழ்நாட்டில்தான், 1986ல். டாக்டர் சுனிதி சாலமன், அவரிடம் படித்த டாக்டர் நிர்மலா இருவருடைய உழைப்பு அது. அவர்களுக்கு நாடு கடமைப்பட்டிருக்கிறது, அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ரத்த மாதிரிகள் எங்கிருந்து எடுக்கப்பட்டன தெரியுமா? சென்னையில் பாலியல் தொழிலாளிகளைப் பிடித்து அடைத்து வைத்திருந்த காப்பகத்திலிருந்து. எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. நாலு வருடம் கழித்து, 1990ல், மும்பையிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்களை ரயிலேற்றிக் கூட்டிவந்தார்கள். 'முக்தி எக்ஸ்பிரஸ்' என்று அதற்குப் பெயர் வேறு. முக்தி! வந்தவர்களைப் பரிசோதித்தார்கள், பாசிட்டிவ் என்று தெரிந்தவர்களை வெளியே விடாமல் அடைத்தார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர்நீதிமன்றத்துக்குப் போய் வழக்கு நடத்திய பிறகே அப்படி அடைபட்டவர்களுக்குக் கதவு திறந்தது. நோய் வந்ததற்காகவே சிறை என்று ஒரு காலம் இந்தத் தமிழ்நாட்டில் இருந்தது.

இன்றைக்கு அதே 2017 சட்டம், அரசின் காவலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும், தண்டனைக் கைதியோ விசாரணைக் கைதியோ யாராக இருந்தாலும், எச்.ஐ.வி. தடுப்பு, பரிசோதனை, சிகிச்சை, கவுன்சலிங் பெற உரிமை உண்டு என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கந்தக பூமியில் இதைப் பொருத்திப் பாருங்கள். வீட்டில் வைத்துத் திருட்டுத்தனமாகப் பட்டாசு சுற்றியதாக ஒருவரைப் பிடிக்கிறார்கள். பெரும்பாலும் பிடிபடுவது கூலிக்குச் சுற்றியவர், சரக்குக்குச் சொந்தக்காரர் அல்ல. பதினைந்து நாள் ரிமாண்ட். அவர் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால்? மாத்திரை டப்பா வீட்டில் இருக்கும். 'எனக்கு இந்த மாத்திரை வேண்டும்' என்று கேட்டால் கூட இருக்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று பயந்து வாயைத் திறக்க மாட்டார். உள்ளே பரிசோதித்துக் கண்டுபிடித்தாலும், திடீரென்று ஒரு சாயங்காலம் ஜாமீன் கிடைத்து வெளியே வந்துவிட்டால் எந்த ஊரில், எந்த மையத்தில் மருந்து வாங்க வேண்டும் என்ற சீட்டு அவர் கையில் இருக்க வேண்டுமே. மாத்திரை விட்டுப் போனால் கிருமி மருந்துக்கு மசியாமல் போய்விடும். சிறைக்குள் எச்.ஐ.வி. விகிதம் வெளியில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம் என்று அரசின் கணக்கெடுப்பே சொல்கிறது. பரிசோதிப்பதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால் அது இன்னொரு 2016தான். ரிசல்ட் பதிவேட்டில் இருக்கும், ஆள் தெருவில் இருப்பார்.

"எல்லாத்துக்கும் அரசாங்கத்தையே குறை சொன்னா எப்படி?" என்று கேட்கிறவர்கள் உண்டு. தமிழ்நாடு இந்த விஷயத்தில் மற்ற மாநிலங்களுக்கு முன்னோடி என்பது உண்மைதான். 1994லேயே எயிட்ஸ் கட்டுப்பாட்டுக்குத் தனிச் சங்கம் வைத்த மாநிலம் இது. ஆனால் அந்தப் பெருமையைத் தூக்கிச் சுமப்பது யார்? நம்பிக்கை மையத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு கவுன்சலர். தொகுப்பூதியம், ஒப்பந்த வேலை, வருடா வருடம் நீட்டிப்பு வருமா வராதா என்ற கவலை. கர்ப்பிணிகளுக்கு அவர், காசநோயாளிகளுக்கு அவர். மனம் உடைந்து வருகிறவரின் வீட்டுக்கு நாலு முறை போய் வர அவருக்கு நேரம் எங்கே? பஸ் காசு யார் தருவார்? சாவைப் பற்றி நினைக்கும் ஒருவரோடு உட்கார்ந்து பேசுவது படிவம் நிரப்பும் வேலை இல்லையே.

சட்டம் முதலாளிகளையும் விடவில்லை. வேலை கொடுக்க எச்.ஐ.வி. பரிசோதனை கேட்கக்கூடாது, நோயைக் காரணம் காட்டி நீக்கக்கூடாது, நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் புகார் கேட்க ஒரு அதிகாரி இருக்க வேண்டும். மாநிலத்துக்கு ஒரு குறைதீர்ப்பாளர் வேண்டும். சிவகாசியில் நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் பட்டாசு ஆலைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு ஷெட்டில் எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை கிலோ மருந்து வைக்கலாம் என்று ஆலை வாசலில் போர்டு தொங்குகிறது. அதற்குப் பக்கத்தில் இந்த அதிகாரியின் பெயரையும், இலவச உதவி எண் 1097ஐயும் எழுதிப் போட என்ன செலவாகும்? ஒரு டப்பா பெயிண்ட்!

2019 ஜூலையில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடும், வீடும், அரசு வேலையும் கொடுக்கச் சொன்னது. நியாயமான தீர்ப்பு. அவருக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். அந்தத் தொகையில் ஒரு துளியை 2016லேயே செலவு செய்திருந்தால் போதும். சிவகாசியிலிருந்து அந்தப் பையன் ஊருக்கு ஒரு கவுன்சலர் போய்வர பஸ் டிக்கெட், அவனைத் தனியாக உட்கார வைத்துப் பேச ஒரு மணி நேரம், கையில் கொடுக்க நம்பிக்கை மையத்துக்கு ஒரு சீட்டு.