பின்னால் வருபவர் எங்கே?

சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்கள் உங்களில் மிகச் சிலரே இருப்பார்கள். பள்ளிக்கும் கடைக்கும் ஓட்டிய அதே சைக்கிளில் பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து தார்ப் பாலைவனத்தைச் சுற்றிவரலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஜெய்சால்மரிலிருந்து பொக்ரானுக்குச் சாலை வழியே சுமார் 110 கிலோமீட்டர். டிசம்பர், ஜனவரி மாதங்களில் போகலாம். கோடையில் போகவே கூடாது. அந்தப் பாலைவனப் பகுதியிலுள்ள பலோடியில் 2016ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் வெப்பநிலை 51 டிகிரி செல்சியஸை எட்டியது.

இத்தகைய பயணங்களை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் இவற்றில் காணப்படும் ஒரு வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. காலையில் எல்லோரும் ஒன்றாகப் புறப்படுவார்கள். ஒரு மணி நேரத்தில் பலசாலிகள் நாலு பேர் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விடுவார்கள். மாலையில் முதலில் வந்து சேர்ந்தவருக்குக் கைதட்டல் கிடைக்கும். கடைசி ஆள் மட்டும் வெயிலில் தன்னந்தனியாக வந்துகொண்டிருப்பார். இதைக் குழுப்பயணம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நட்புக்காக மட்டும் சொல்லவில்லை. நம் உடல் இயங்கும் விதமும் அப்படிப்பட்டது.

உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் பெடலைச் சுற்றப் பயன்படுகிறது. மீதி வெப்பமாகிறது. நீங்கள் 100 வாட் திறனில் மிதித்தால், உடலுக்குள் சுமார் 300 வாட் வெப்பம் உண்டாகும். மூன்று பழைய குண்டு பல்புகளை வயிற்றுக்குள் எரியவிட்டது போலத்தான்! இதை வெளியேற்றுவது வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. பாடத்தில் படித்த உள்ளுறை வெப்பம்தான் இது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு ஏறக்குறைய அரை லிட்டர் நீர் செலவாகும். வெயிலின் சூடும் எதிர்க்காற்றும் சேர்ந்தால் இன்னும் அதிகம்.

சென்னையில் இவ்வளவு வியர்த்தால் சட்டை நனைந்து ஒட்டிக்கொள்ளும், நமக்கே தெரிந்துவிடும். பாலைவனக் காற்றோ வறண்டது. சைக்கிளின் வேகத்தில் அது தோலின் மீது வீசும்போது வியர்வை சுரந்த உடனேயே ஆவியாகிவிடுகிறது. சட்டை உலர்ந்தே இருக்கும். முதுகில் வெள்ளை உப்புக்கோடுகள் படிந்திருப்பது, பின்னால் வருபவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

தாகம் சொல்லிவிடாதா என்று கேட்பீர்கள். முழுவதும் சொல்வதில்லை. 1940களில் அடால்ஃப் என்ற அமெரிக்க உடலியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் கலிபோர்னியப் பாலைவனத்தில் போர்வீரர்களை ஆராய்ந்தார்கள். பக்கத்திலேயே தண்ணீர் இருந்தபோதும், உழைக்கும் நேரத்தில் அவர்கள் இழந்ததைவிடக் குறைவாகவே குடித்தார்கள். பெரும்பாலும் உணவு வேளையில்தான் அந்தக் குறை தீர்ந்தது. தண்ணீரை அளந்து கொடுத்துச் சிக்கனம் செய்தால் வியர்வை குறைந்துவிடும் என்பதும் தவறென்று தெரிந்தது. “பாலைவனமாயிற்றே, சொட்டுச் சொட்டாகக் குடி” என்று சொல்லும் வீரர்களை நம்பாதீர்கள். பாட்டிலில் மிச்சம் பிடித்த தண்ணீர் உடலைக் குளிர்விக்காது. அதற்காக வெறும் தண்ணீரை அளவில்லாமல் குடிப்பதும் ஆபத்துதான். அப்போது இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்துவிடும். ராஜஸ்தானத்துக் கிராமங்களில் கிடைக்கும் உப்பிட்ட மோர் இந்த வகையில் நல்ல பானம்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். உடல் வெப்பம் ஏற ஏற மூளையும் தடுமாறத் தொடங்குகிறது. ஒருவருக்குக் காரணமில்லாமல் கோபம் வரும். இன்னொருவர் பேச்சை நிறுத்திவிடுவார். ஹாண்டில்பார் நேராக நிற்காது. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி வெப்பத்தாக்கு ஏற்பட்டால், தான் எங்கே இருக்கிறோம் என்பதே குழம்பிப்போகும். அந்த நிலையிலும் அவர் “எனக்கு ஒன்றுமில்லை, நீ போ” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. தன் நிலையை எடைபோட வேண்டிய மூளைதானே முதலில் பழுதாகியிருக்கிறது! அதைக் கண்டுபிடிக்கப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். நிழலில் படுக்கவைத்து, உடலை நனைத்து விசிறி, மருத்துவ உதவிக்கு ஆள் அனுப்பவும் அவர்தான் வேண்டும். நாலு கிலோமீட்டர் முன்னால் போய்விட்ட நண்பர் எவ்வளவு பலசாலியாக இருந்து என்ன பயன்?

ஆகவே வேகத்தை மெதுவாக ஓட்டுபவர் தீர்மானிக்கட்டும். பலசாலிகளுக்கும் வேலை உண்டு. ஒருவர் முன்னால் காற்றைக் கிழித்துச் செல்லட்டும். அவரை ஒட்டிப் பின்னால் வருபவருக்குக் காற்றின் தடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். (காற்று குறைந்தால் குளிர்ச்சியும் கொஞ்சம் குறையும் என்பதை மறக்க வேண்டாம்.) இன்னொரு பலசாலி கடைசியில் வரட்டும். நடுவில் இருப்பவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்துகொண்டு, ஒருவர் குடித்தாரா என்று மற்றவர் பார்த்துக்கொள்ளலாம். “இப்படிப் போனால் ஒரு நாள் அதிகமாகுமே” என்று முணுமுணுப்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். ஆகட்டுமே!

தார் வரை போகாமலேயே இதில் ஒரு பகுதியை உங்கள் ஊரில் சோதிக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எடை பார்த்துக்கொண்டு, ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டுங்கள். வியர்வையைத் துடைத்துவிட்டு, அதே உடையில் மீண்டும் எடை பாருங்கள். குறைந்த எடையோடு இடையில் குடித்த நீரின் எடையையும் கூட்டினால், இழந்த நீரின் அளவு ஏறத்தாழத் தெரிந்துவிடும். எவ்வளவு இழந்திருப்பீர்கள் என்று நீங்களே முன்கூட்டி ஒரு தாளில் எழுதுங்கள். உங்களோடு வந்த நண்பரும் உங்களைப் பற்றித் தனியாக எழுதட்டும். பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.