நர்சு வேலைக்கு டிப்ளமோ போதுமா, டிகிரி வேணுமா? பிளஸ்-2 முடித்த வீடுகளில் பட்டிமன்றம்

ஊசி போட வரும் நர்சிடம், "நீ டிப்ளமோவா, டிகிரியா?" என்று எந்த நோயாளியும் கேட்பதில்லை. ஆனால் மகளை நர்சிங் சேர்க்க நினைக்கும் அப்பாவுக்கு அதுதான் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி.

டிப்ளமோ என்பது ஜி.என்.எம். படிப்பு, 3 வருஷம். டிகிரி என்பது பி.எஸ்சி. நர்சிங், 4 வருஷம். எதை முடித்தாலும் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் கிடைப்பது ஒரே ஆர்.என்.ஆர்.எம். பதிவுதான்.

பி.எஸ்சி.க்கு பிளஸ்-2வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம். ஜி.என்.எம்.முக்கு இந்திய நர்சிங் கவுன்சில் விதி அவ்வளவு கறார் காட்டுவதில்லை. ஒரு வருஷ பீசும் மிச்சம். கஷ்டப்படும் குடும்பங்கள் டிப்ளமோ பக்கம் போவது இதனால்தான்.

தமிழக அரசு ஆஸ்பத்திரி வேலைக்கு இரண்டு பேரும் விண்ணப்பிக்கலாம். 2015-ல் மருத்துவ தேர்வு வாரியம் மூலம் ஆயிரக்கணக்கான நர்சுகளை எடுத்தபோது எல்லோருக்கும் ஒரே தொகுப்பூதியம், மாதம் 7 ஆயிரத்து 700 ரூபாய். டிகிரிக்காரர் என்று பத்து ரூபாய்கூட அதிகம் தரவில்லை.

அப்புறம் எங்கே உதைக்கிறது?

எய்ம்ஸ் நர்சு தேர்வுக்கு பி.எஸ்சி. முடித்து பதிவு செய்தவர் உடனே விண்ணப்பிக்கலாம். டிப்ளமோ முடித்தவரோ 50 படுக்கைக்கு குறையாத ஆஸ்பத்திரியில் 2 வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும். எம்.எஸ்சி. படிக்கவும், நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்தவும் டிகிரி வேண்டும்.

டிப்ளமோக்காரர் 2 வருஷம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்து டிகிரி வாங்கிக் கொள்ளலாம். ஆனால் 3-ம் 2-ம் 5 ஆச்சு. நேராக போனவருக்கு 4 வருஷம்தான். நடுவில் கல்யாணம், குழந்தை என்று ஆகிவிட்டால் அந்த 2 வருஷம் யாருக்கு கிடைக்கும்?

இங்கிலாந்தில் 2013 செப்டம்பர் முதல் புதிதாக நர்சிங் சேருபவர்களுக்கு டிகிரி மட்டுமே என்று ஆக்கிவிட்டார்கள். இங்கேயும் 2020-ம் ஆண்டையொட்டி ஜி.என்.எம்.முக்கு மூடுவிழா நடத்த நர்சிங் கவுன்சில் முடிவெடுத்து, பிறகு பின்வாங்கியது. மூடியிருந்தால் பிளஸ்-2வில் அறிவியல் குரூப் கிடைக்காத பிள்ளைகள் பாடுதான் திண்டாட்டம்.

இந்த குழப்பத்தில் குளிர்காயும் கூட்டம் ஒன்று உண்டு. மாடிப்படி ஓரம் போர்டு மாட்டி, "6 மாசத்தில் நர்சு, 1 வருஷத்தில் நர்சு, வேலை கியாரண்டி" என்று கூவுவார்கள். யூனிபார்மும் கொடுப்பார்கள், போட்டோ எடுத்து சர்டிபிகேட்டும் கொடுப்பார்கள். அந்த பேப்பரை வைத்து கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. தனியார் கிளினிக்கில் உதவியாளராக நிற்கலாம், அதோடு சரி.

நகையை அடகு வைத்து பீஸ் கட்டுமுன் பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி டிப்ளமோவா, டிகிரியா என்பது அல்ல. "படித்து முடித்தால் என் பொண்ணுக்கு ஆர்.என்.ஆர்.எம். நம்பர் கிடைக்குமா?" என்பதுதான். பதிலை அந்த போர்டுக்காரரிடம் கேட்காமல் கவுன்சிலிலேயே கேட்டுவிட்டு பணத்தை எடுக்கலாம்.