அணியும் கலப்படமும்

நேற்றுக் குறையென ஒதுக்கப்பட்டது இன்று நிறையெனப் போற்றப்படுதல் கலையுலகிற்குப் புதிதன்று. காந்த ஒலிநாடாவின் வரலாறும் அத்தகையதே.

1935-ஆம் ஆண்டு பெர்லின் கண்காட்சியில் ஏ.இ.ஜி. நிறுவனம் 'மேக்னட்டோபோன்' என்னும் ஒலிநாடாக் கருவியை அறிமுகப்படுத்தியது. பின்னர்ப் பல பத்தாண்டுகள் இசைப்பதிவில் ஒலிநாடாவே கோலோச்சியது. நாடாவிலுள்ள காந்தத் துகள்கள் ஓர் எல்லைவரையே காந்தம் ஏற்கும். ஒலி அவ்வெல்லையை நெருங்குங்கால் அவை தெவிட்டு நிலை எய்துகின்றன. ஒலியலையின் கூரிய முகடுகள் மெல்ல வளைந்து தணிகின்றன. மூல அதிர்வெண்ணின் மும்மடங்கு முதலான மேற்சுரங்கள் தோன்றுகின்றன. செவிக்கு இது கனமும் குழைவுமாகக் கேட்கிறது. கணினிப் பதிவிலோ எல்லை மீறிய முகடு கத்தியால் அரிந்தாற்போல் துண்டிக்கப்பட்டுக் கரகரக்கிறது.

ஆகவே நாடாவின் இயல்பைக் கணிதத்தால் போலச்செய்யும் 'பிளக்-இன்' மென்பொருள்கள் எழுந்தன. பீட்டில்ஸ் குழுவினரின் 'சார்ஜண்ட் பெப்பர்ஸ்' (1967) இசைத்தொகுப்பு பதிவான ஸ்டூடர் ஜே37 கருவியின் சாயலை வேவ்ஸ் நிறுவனம் அவ்வாறு வடித்துள்ளது. நாடாவின் வேகம், இரைச்சல், நடுக்கம் அனைத்தையும் அதில் வேண்டியவாறு கூட்டலாம், குறைக்கலாம்.

இஃது ஏமாற்று என்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. குற்றியலுகரம் தன் மாத்திரையிற் குறைந்து ஒலிப்பதை நாம் பிழை என்பதில்லை. இடம் நோக்கிய இயல்பு என்கிறோம். புதிய பாடலின் ஒலிக்கலவையில் முழவின் அதிர்வையோ குரலின் கூர்மையையோ தணிக்க இக்கருவி பயன்படுமாயின், அஃது அணியே. ஆயினும் அளவு வேண்டும். முப்பது தடங்களிலும் சிறிது சிறிதாகச் சேர்த்தால் மொத்தப் பாடலும் மங்கும். பெயருக்கேற்பத் தெவிட்டவும் செய்யும். இக்கருவி ஒலியை உரக்கச் செய்யும். உரத்த ஒலி எப்போதும் சிறந்ததுபோல் மயக்கும். எனவே இருநிலையிலும் ஒலியளவைச் சமன்செய்து கேட்ட பின்னரே வேண்டுமா வேண்டாவா எனத் துணிதல் முறை.

நம்மை எழுதத் தூண்டியது வேறொன்று. மறைந்த பேராசிரியர் ஒருவரின் உரை அடங்கிய ஒலிப்பேழையை அன்பர் ஒருவர் கணினிக்கு மாற்றித் தந்தார். 'பழைமை மணம்' கமழவேண்டுமென்று இம்மென்பொருளையும் அதில் ஏற்றிவிட்டார். உண்மை நாடாவின் மேல் பொய் நாடா! சகரங்கள் மழுங்கின, சொல்லுக்கிடையே அவர் மூச்செடுக்கும் அழகு இரைச்சலில் மறைந்தது. மூலப்பேழை எங்கே என்று வினவினோம். இனித் தேவையில்லையென எறிந்துவிட்டதாக விடை வந்தது. அக்குரலை இனி எவர் மீட்பார்?

புதிய பாடலுக்கு அணியாவது, பழைய பதிவிற்குக் கலப்படமாகிறது. முன்னது படைப்பு, பின்னது சான்று. ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்போர் மூலபாடத்தைத் திருத்தாது காத்து, தம் கருத்தை அடிக்குறிப்பில் வைப்பர். ஒலிக்கும் அந்நெறியே தகும். எதையும் கூட்டாத படியொன்றை முதலில் எடுத்துப் பாதுகாத்தல் வேண்டும், அழகூட்டல் அனைத்தும் மறுபடியில் நிகழட்டும், மூலப்பேழையும் இருக்கட்டும்.

நாடாவின் சாயலை விலைகொடுத்து வாங்கும் காலம் இது. நம் இல்லங்களிலும் கல்லூரிகளிலும் உண்மை நாடாக்கள் ஈரத்திலும் பூஞ்சையிலும் அழிந்துகொண்டிருக்கின்றன. இரைச்சலை எந்த மென்பொருளும் உண்டாக்கித் தரும். போன குரலைத் தாராது. மாணவச் செல்வங்கள் முதலில் அப்பேழைகளைத் தேடி எடுப்பார்களாக!