ஓசி பஸ்ஸும் ஓசிப் பேச்சும்

விழுப்புரம், திண்டிவனம் சொந்தங்களே, இது நம்ம மாவட்டத்து வாய்களைப் பத்தின இழை.

2022 செப்டம்பரில் அன்றைய அமைச்சர் பொன்முடி, பெண்களின் கட்டணமில்லா பேருந்துப் பயணத்தை "ஓசி" என்றார். 2025 அக்டோபரில் திண்டிவனத்துக்காரர் சி.வி.சண்முகம், மிக்ஸி, கிரைண்டர் வரிசையில் இலவசமா பொண்டாட்டியையும் சேர்த்துப் பேசினார். ஒருத்தர் முன்னாள் பேராசிரியர், இன்னொருத்தர் முன்னாள் சட்ட அமைச்சர்!

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு சுகர், பிரஷர் மாத்திரை வாங்க வர்ற அம்மாக்களுக்கு அந்த பஸ்தான் கால். ஓசின்னு ஏளனம் பண்ணினா ஏறவே கூசும். மாத்திரை விட்டுப்போகும். அப்புறம் பக்கவாதம் வந்தா யார் பொறுப்பு?

2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர், வீட்ல எவ்வளவு நேரம் மனைவியைப் பார்த்துட்டு இருப்பீங்கன்னு கேட்டதுக்கு நாடே காய்ச்சி எடுத்துச்சு. (அவர் பதவிக்கு ஒண்ணும் ஆகல, அது வேற கதை.) சரி, நம்மாளுங்களுக்கு?

சைவ, வைணவத்தையும் பெண்களையும் இழிவாப் பேசினதுக்கு 2025 ஏப்ரலில் பொன்முடியின் கட்சிப் பதவி போச்சு. உயர் நீதிமன்றமும் கண்டித்தது, அமைச்சர் பதவியும் போச்சு. நவம்பரில் துணைப் பொதுச்செயலாளர் பதவி திரும்ப வந்துடுச்சு. ஏழு மாசம்கூட ஆகல.

ஓட்டு கேட்டு வர்றப்ப கேளுங்க. எதிர்க்கட்சி ஆளை விடுங்க, முதல்ல உங்க கட்சி ஆளைக் கேளுங்க.